மில்ஃபோர்க் வாசல்களில் சொன்ன கதை

மில்ஃபோர்க், ஒஹாயோ
ஆகஸ்ட் 19, 2018

டெல்,

என்னிடமிருந்து கடிதமா என்று மயங்கி விழுந்துவிடாதே. உன் அண்ணனுக்கும் பேனா பிடிக்கத் தெரியும். போனில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேற்று சனிக்கிழமை. புல் வெட்டி முடித்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். லொரேன் சமையலறையில் தக்காளியை வேகவைத்துக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஓர் அம்மாள் படியேறி வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. ஷெரில் என்று பெயர் சொன்னாள். கொலம்பஸில் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் இருந்து ஓய்வு பெற்றவளாம். நல்ல மாதிரிதான். மூடிக் கிடக்கிற செயின்ட் சிரில் பள்ளிக்கூடத்தில் போதையிலிருந்து மீள்கிறவர்களுக்கு ஓர் இல்லம் திறக்க வேண்டும், அதற்காக வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று நவம்பரில் நம் மாவட்டத்தில் ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதைப் பற்றிப் பேச வந்திருந்தாள்.

"நீங்க இதுக்கு ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டாள்.

"அது எனக்கும் ஓட்டுப் பெட்டிக்கும் நடுவுல இருக்கிற விஷயம்மா" என்றேன்.

"ம்... அப்புறம்?" என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு, "சரி, பரவாயில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கதை சொல்லட்டுமா?" என்றாள். வெயிலில் நடந்து வந்தவள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தலையாட்டினேன்.

"பென்சில்வேனியால ஒருத்தர். அவர் பையன் கூரை வேலை பாத்துக்கிட்டிருந்தான். போதைல போயிட்டான். இப்ப அந்த அப்பா பையனோட பூட்ஸைப் போட்டுக்கிட்டுத்தான் தெனம் வேலைக்குப் போறாரு. அரை அளவு சின்னது. கட்டைவிரல் நகமெல்லாம் கறுத்துப் போச்சு. ஏன் இப்படின்னு கேட்டா, 'வலிக்கிற வரைக்கும் அவன் கூட இருக்கிற மாதிரி இருக்கு'ங்கிறாரு."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பார்க்கவில்லை. அந்தப் பூட்ஸ் என் காலில்தான் இருந்தது, டெல்.

வலைக்கதவுக்குப் பின்னால் லொரேன் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் நான் சொல்லியிருந்தது வேறு. ட்ரெவர் போன பிறகு அவன் சாமான்களோடு பூட்ஸையும் சர்ச்சில் கொடுத்துவிட்டேன், இது பழைய சாமான் கடையில் வாங்கியது, கொஞ்சம் கடிக்கிறது என்று சொல்லியிருந்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் தக்காளி தீய்ந்த வாசனை வந்தது.

இதை இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். மார்ச் மாதம், போனில். உன்னிடம்.

என்ன நடந்தது என்று எழுது. கூப்பிடாதே. போனில் நீ "ம்... அப்புறம்?" என்று கேட்டாயே, அந்த ஷெரிலும் அதே மாதிரி இழுத்து "ம்... அப்புறம்?" என்றாள். இனிமேல் அந்தக் குரலைக் கேட்டால் என் தங்கை பேசுகிறாளா, யாராவது எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாளா என்றே எனக்குத் தெரியாது.

ரோமன்

*

சிகாகோ
ஆகஸ்ட் 25, 2018

அன்புள்ள அண்ணா,

மன்னித்துவிடு. இதை மேலேயே எழுதிவிடுகிறேன். கீழே போகப்போக என்னவெல்லாம் சமாதானம் சொல்லப்போகிறேனோ, எனக்கே தெரியாது.

என் வேலை உனக்குத் தெரியும். ஒரு மனுஷன் ஏன் இப்படி ஓட்டுப் போடுகிறான் என்று பார்ப்பது. கொள்கையைப் பார்த்துக் கட்சியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. அப்பா, அம்மா, தெரு, சர்ச் என்று கட்சிதான் முதலில் வந்து சேர்கிறது, குடும்பப் பெயர் மாதிரி. கொள்கை பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரே திட்டத்தை உங்கள் கட்சித் திட்டம் என்று சொன்னால் தலையாட்டுகிறவர்கள், எதிர்க்கட்சித் திட்டம் என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். வாதம் செய்தால் இன்னும் இறுகிப்போகிறார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, குறை சொல்லாமல் காது கொடுத்து, ஓர் உண்மைக் கதையைச் சொன்னால் நூறில் நாலைந்து பேர் மாறுகிறார்கள். மாதக்கணக்கில் அப்படியே இருக்கவும் செய்கிறார்கள். நாலைந்து பேர்தானா என்று நீ சிரிப்பாய். தேர்தல்கள் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் முடிகின்றன, அண்ணா.

மார்ச்சில் உன்னை அழைத்தது நடிப்பு இல்லை. இதை நீ நம்ப வேண்டும். 2016 நன்றி நாள் விருந்தில் "உன்ன மாதிரி ஆளுங்களைத்தாண்ணா நான் படிக்கிறதே" என்று நான் வாயை விட்டேனே, அன்றைக்கு வான்கோழியை யாரும் தொடக்கூட இல்லை. அதற்குப் பிறகு உன்னோடு எப்படிப் பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ட்ரெவரின் அடக்கத்துக்கு வந்துவிட்டுப் பின்வரிசையில் நின்று திரும்பிப் போனேன். பிப்ரவரியில் ஷெரில் மாதிரித் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். கேள், காத்திரு, குறுக்கே பேசாதே. அப்போதுதான், அட, ரோமனிடம் இப்படிப் பேசியிருக்கலாமே என்று பட்டது. ஆமாம், அங்கே கற்றுக்கொண்டதைத்தான் உன்னிடம் செய்தேன். ஆனால் நீ அழுதபோது நானும் அழுதேன். அது எந்தப் பயிற்சித் தாளிலும் இல்லை.

பிறகு அந்தப் பூட்ஸ் என் தலையை விட்டுப் போகவே இல்லை. ஏப்ரலில் வாசல்களில் சொல்லக் கதைகள் தேடிக்கொண்டிருந்தோம். கூட்டத்தில் என் வாயிலிருந்து வந்துவிட்டது. எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஊரை மாற்றினேன், பெயரை எடுத்தேன். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பது எங்கள் தொழிலில் உள்ள நம்பிக்கை. எந்த வீட்டுக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் எடுக்கும். பாதி வீடுகளுக்குக் கதை, பாதி வீடுகளுக்குக் குப்பையைத் தரம் பிரிப்பது பற்றிச் சும்மா ஒரு பேச்சு. அப்போதுதான் இரண்டையும் ஒப்பிட முடியும். பெயர்ப் பட்டியலை நாங்கள் பார்ப்பதில்லை. பார்த்தால் நமக்கு வேண்டிய வீடுகளைச் சேர்க்கவும் விடவும் கை போகும்.

தெரிந்திருந்தால் பட்டியலிலிருந்து உன் வீட்டை எடுத்திருப்பேன். சத்தியமாக.

டெல்

*

மில்ஃபோர்க்
செப்டம்பர் 3, 2018

டெல்,

விசாரித்துவிட்டேன். எதிர்வீட்டு வெர்னனுக்குக் குப்பை கிடைத்திருக்கிறது. பிளாஸ்டிக்கை எந்தத் தொட்டியில் போடுவது, அட்டையை எந்தத் தொட்டியில் போடுவது. "நல்லா சிரிச்சுப் பேசினாங்கப்பா அந்த அம்மா" என்கிறான். அவனுக்குக் குப்பை, எனக்கு என் மகன். உன் கம்ப்யூட்டரின் கைராசி அப்படி.

உன் கடிதம் முழுக்க எவ்வளவோ எழுதியிருக்கிறாய். எனக்கு நின்றது கடைசி வரிதான். தெரிந்திருந்தால் உன் வீட்டை எடுத்திருப்பேன் என்கிறாய். கதையை எடுத்திருப்பேன் என்று எழுதவில்லை. அப்படியென்றால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போகலாம், இந்தப் பயலுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவ்வளவுதானே?

லொரேன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கத்தவில்லை. அன்று சாயங்காலம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்கிட்ட சொல்லல. உன் தங்கச்சிகிட்ட சொன்ன. ரெண்டு வருஷமா மூஞ்சியக்கூட பாக்காத தங்கச்சிகிட்ட."

"லொரேன், அது எப்படியோ வாயில வந்துடுச்சு..."

"ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு நீயும் தனியா அழுதிருக்க, நானும் தனியா அழுதிருக்கேன். ரெண்டு பூட்ஸ் இருந்துச்சேய்யா. ஒரு காலாவது எனக்குக் குடுத்திருக்கலாம்ல?"

இப்போது அவள் ட்ரெவர் அறையில் படுக்கிறாள். பூட்ஸ் எங்கே என்று தெரியவில்லை, நான் தேடவும் இல்லை. வேலைக்கு என் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு போகிறேன். பஸ் ஷெட்டில், "என்ன ரோமன், நொண்டல் நின்னுடுச்சு போல" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கதையை எடு. என் வீட்டிலிருந்து மட்டும் இல்லை. எல்லா வாசலிலிருந்தும்.

ரோமன்

*

சிகாகோ
செப்டம்பர் 16, 2018

அண்ணா,

லொரேன் அண்ணிக்குத் தனியாக எழுதினேன். பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது.

இப்போது நான் கேட்கப்போவதைக் கேட்டு நீ கடிதத்தைக் கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு. எங்களிடம் நாலு கதைகள் இருக்கின்றன. இரண்டு வாரம் கழித்து அதே வீடுகளுக்கு வேறு பெயரில் போன் செய்து, மனம் மாறியதா என்று கேட்போம். முதல் எண்ணிக்கை வந்திருக்கிறது. மற்ற மூன்று கதைகளும் சேர்ந்து செய்யாததை ட்ரெவர் செய்கிறான், அண்ணா. வரி என்றாலே சீறுகிறவர்கள், உங்கள் கட்சிக்காரர்களே, யோசிக்கிறார்கள்.

போட்டி ரொம்ப நெருக்கம். போன வருஷம் அவனைக் காரில் ஏற்றிக் கிளீவ்லண்டில் இருக்கிற இல்லத்துக்குக் கூட்டிப்போனாய், இடம் இல்லை, மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களே. நீதான் சொன்னாய். அந்த மூன்று வாரம் அவனுக்குக் கிடைக்கவில்லை. செயின்ட் சிரிலில் அப்போது ஓர் இல்லம் இருந்திருந்தால்? இன்னொரு வீட்டுப் பையனுக்காவது அது இருக்க வேண்டாமா?

நீ இதற்கு எதிராகத்தான் ஓட்டுப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். ஜனவரியில் வந்தபோது உன் புல்வெளியில் கட்சிப் பலகையைப் பார்த்தேன், பனி மூடியும் பிடுங்காமல் வைத்திருந்தாய். அதற்காக உன்னோடு நான் வாதாடவே இல்லை, இனியும் மாட்டேன். உன் ஓட்டைக் கேட்கவில்லை. நவம்பர் வரைக்கும் இந்தக் கதையை மட்டும் விட்டு வை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

டெல்

*

மில்ஃபோர்க்
செப்டம்பர் 21, 2018

டெல்,

ட்ரெவர் செய்கிறான் என்று எழுதியிருக்கிறாய். ட்ரெவர் ஒன்றும் செய்யவில்லை. அவன் செத்துப்போய்விட்டான். செய்கிறது நீ.

எடு என்று சொன்னேன்.

ரோமன்

*

சிகாகோ
அக்டோபர் 21, 2018

அண்ணா,

எடுத்துவிட்டேன். நேற்றோடு உன் கதை எந்த வாசலிலும் இல்லை.

ஒரு மாதம் ஏன் ஆனது என்று கேட்பாய். எனக்கு மனம் வரவில்லை, அதுதான் உண்மை. ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். என்னோடு ஆய்வில் இருக்கிற கில்பர்ட்டிடம் கடைசியில் சொன்னேன், அந்த அப்பா என் அண்ணன் என்று. தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ரெண்டு வருஷ உழைப்பு, அடேல்! தேர்தலுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான். ஒரு மன்னிப்புக் கடிதம் போட்டுட்டுப் போவியா..."

"போட்டாச்சு."

"மத்த மூணு பேர்கிட்டயும் சம்மதம் எழுதி வாங்கினோமே. இவர்கிட்ட வாங்கினியா இல்லியா?"

முன்பின் தெரியாத மூன்று பேருடைய வீட்டுக்குப் போய், காப்பி குடித்து, பொறுமையாக விளக்கி, கையெழுத்து வாங்கினேன். உன்னிடம் வாங்கவில்லை. அண்ணன்தானே என்று நினைத்தேனா, கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்தேனா, இப்போது யோசித்தாலும் புரியவில்லை. இரண்டுமே இருக்கும்.

அடுத்த மாதம் நன்றி நாளுக்கு நான் வரட்டுமா? வாயைத் திறக்கவே மாட்டேன். சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகிறேன். அண்ணி என்னைத் திட்டினால் திட்டட்டும். இந்த உலகத்தில் எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான்.

ஒரு வரி போடு. தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். விளம்பரத் தாளும் தேர்தல் தாளும்தான் இருக்கின்றன.

டெல்

*

சிகாகோ
நவம்பர் 9, 2018

அண்ணா,

தோற்றுப்போய்விட்டது. உங்கள் ஊர்ப் பத்திரிகையில் பார்த்திருப்பாய். முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசம்.

நல்லவளாக எழுத வேண்டும் என்றுதான் தாளை எடுத்தேன். முடியவில்லை. கடைசி இரண்டு வாரம் அந்தக் கதை இருந்திருந்தால் முந்நூறு பேரைத் திருப்பியிருக்க முடியும். கில்பர்ட் கணக்குப் போட்டுக் காட்டினான், நானும் போட்டுப் பார்த்தேன். உனக்காக எடுத்தேன். நீ கேட்டாய் என்பதற்காக. உன் பக்கம் ஜெயித்துவிட்டது. வீட்டு வரி கூடாது. செயின்ட் சிரில் பூட்டியே கிடக்கும். இப்போதாவது நிம்மதியாக இருக்கிறாயா?

இதை எழுதிவிட்டு அழுதேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று எடுத்தேன், அதிலும் இதையேதான் எழுதுவேன் போலிருக்கிறது. அதனால் இதையே அனுப்புகிறேன். கோபம் ஆறியதும் நான் வெட்கப்படுவேன். ஆனால் ட்ரெவர் மாதிரி இன்னொரு பிள்ளை இந்தக் குளிர்காலத்தில் போனால், அண்ணா, அவன் அப்பா உன் ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

டெல்

*

மில்ஃபோர்க்
நவம்பர் 18, 2018

டெல்,

நான் ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டேன்.

இது இப்போது எடுத்த முடிவு இல்லை. ஷெரில் வந்ததாலும் இல்லை. ஜனவரியில், தரை உறைந்துபோய் இயந்திரம் வைத்துக் குழி தோண்டினார்களே, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன். நீ பின்வரிசையில் நின்றாய். நான் முன்வரிசையில் நின்றேன்.

பலகை இருக்கிறது, ஆமாம். பிடுங்கப்போவதும் இல்லை. நம் ஊர் ஆலையை மூடினபோது யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது ஒரு கணக்கு. வீட்டு வரி என்றால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும், அதுவும் உண்மை. ஆனால் பிள்ளையைப் புதைத்தவனுக்கு எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று ஒரு பலகை வந்து சொல்லித்தர வேண்டுமா? வெர்னன் வீட்டிலும் அதே பலகைதான் இருக்கிறது. அவனும் ஆதரவாகத்தான் போட்டான். நான் கேட்டேன், சொன்னான்.

மார்ச்சில் ஒரு மணி நேரம் போனில் இருந்தாய். எவ்வளவு கேட்டாய்! அவன் கடைசியாக என்ன சாப்பிட்டான் என்றுகூடக் கேட்டாய். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நம்ம டெல் திரும்பி வந்துவிட்டாள் என்று லொரேனிடம் சொன்னேன். அதில் இந்த ஒன்றை மட்டும் நீ கேட்கவில்லை. "அண்ணா, செயின்ட் சிரில்ல அப்படி ஒரு வீடு வந்தா நீ என்ன சொல்லுவ?" கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பதில் தெரியும் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். ஊர் பேர் தெரியாதவனையெல்லாம் வாசலில் நிறுத்திக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவள், என்னைக் கேட்கவில்லை. இதற்கும் உங்கள் துறையில் ஒரு பெயர் இருக்கும்.

கேட்டிருந்தால் நானே போயிருப்பேன், டெல். லொரேனையும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். பென்சில்வேனியா என்று சொல்லாமல், என் பெயரைச் சொல்லி, என் மகன் பெயரைச் சொல்லி. உன் தொண்டர்களுக்குக் கதவைத் திறக்காத ஆட்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்கள் பிள்ளைகள் போகிற பஸ்ஸை நான்தான் பழுது பார்க்கிறேன். எனக்குத் திறந்திருப்பார்கள். முந்நூறு பேர் என்கிறாய். எனக்கு முந்நூறு பேரைத் தெரியும்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இதை லொரேனிடம் சொன்னேன். நாமே போகலாமா என்று கேட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப போய்ச் சொன்னா, வாசல்ல வந்து சொன்ன கதைதானேன்னு கேப்பாங்க, ரோமன். நம்ம புள்ளைய நாம சொல்ல முடியாமப் போயிடுச்சு" என்றாள்.

அவள் சொன்னது சரி. அடுத்த தெரு ஜெனட் அம்மாளிடம் வாயெடுத்துப் பார்த்தேன். "இந்தக் கதைய ஏற்கெனவே ஒரு அம்மா வந்து சொன்னாங்களே" என்றாள். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. கோபம் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சின்ன வயதில் நீ விழுந்தால் முதலில் என் முகத்தைப் பார்ப்பாய், நான் சிரித்தால் சிரிப்பாய், பதறினால் அழுவாய். எப்போது பார்க்காமல் விட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை நன்றி நாளுக்கு வராதே. இங்கே விருந்து இல்லை. லொரேன் டோலிடோவில் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். பெரிய பெட்டியை எடுத்து வைத்திருக்கிறாள். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

ரோமன்